மண்டூரிலிருந்து வந்தாறுமூலைக்கு: வார இறுதி வகுப்பும் வண்டியை விடும் இடமும்

கேள்வி:

நான் மண்டூரில் வசிக்கும் ஆசிரியை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிக் கற்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு சனியும் ஞாயிறும், காலை 8.30 முதல் மாலை 4.30 வரை, வந்தாறுமூலை வளாகத்தில். இரண்டு வருடம் இப்படிப் போகவேண்டும். என்னிடம் 110 சீசி ஸ்கூட்டி ஒன்று இருக்கிறது, அண்ணாவின் பெயரில். லைசன்ஸ் முன்பு ஒரு சின்ன ஸ்கூட்டிக்காக எடுத்தது. முழுத் தூரமும் ஸ்கூட்டியில் போவதா, மட்டக்களப்பில் அதை விட்டுவிட்டு பஸ் ஏறுவதா, முழுக்க பஸ்ஸையே நம்புவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் லீசிங்கில் பழைய கார் ஒன்று எடுப்போம் என்கிறார். வளாகத்துக்குள் வண்டி விட இடம் தருவார்களா? ஆய்வுக்காக மாதத்தில் ஒருமுறை கொழும்புக்கு, தேசிய சுவடிக்கூடத்துக்கும் போகவேண்டி வரும்.

– ஒரு வாசகி, மண்டூர்

பதில்:

வணக்கம் ரீச்சர். உங்கள் கடிதம் முழுக்கக் காலைப் பயணத்தைப் பற்றியதாக இருக்கிறது. 8.30க்கு வகுப்பில் இருப்பது பெரிய கணக்கில்லை, அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டால் சரி. சிக்கல் மாலையில்தான். 4.30க்கு வகுப்பு முடிந்து, விரிவுரையாளரிடம் ஒரு சந்தேகம் கேட்டு, ஐந்து மணிக்கு வாயிலைத் தாண்டுகிறீர்கள் என்று வையுங்கள். எத்தனை மணிக்குக் குருமண்வெளித் துறைக்கு வந்து சேருவீர்கள், அப்போது வெளிச்சம் இருக்குமா, வாவியைக் கடந்து மண்டூருக்கு வரும் பாதை (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவை) ஓடுமா என்பதை வைத்துத்தான் ஸ்கூட்டியை எங்கே விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். மட்டக்களப்பில் நவம்பர் நடுப்பகுதியில் 5.40 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் 6.25 வரை வெளிச்சம் இருக்கும். இந்த முக்கால் மணித்தியால வித்தியாசம் உங்கள் முடிவையே மாற்றும்.

தூரத்தைப் பார்ப்போம். பாதையில் குருமண்வெளிக்கு வந்து, கல்முனை வீதியால் மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து திருகோணமலை வீதியில் வந்தாறுமூலை இன்னும் 16, 17 கிலோமீற்றர். ஒருவழிக்கு 47 என்று வைத்தால், போய்வர 95 அளவில் வரும். மாதத்தில் எட்டு வகுப்பு நாள் என்றால் 750 கிலோமீற்றருக்கு மேல். வீதி நல்ல வீதிதான், ஆனால் நெடுகிலும் ஊர். குடியிருப்புப் பகுதியில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், உண்மையான சராசரி 35ஐத் தாண்டாது. பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஸ்கூட்டியில் ஒரு மணி முக்கால். பஸ்ஸில், மட்டக்களப்பில் மாறி ஏறும் நேரத்தோடு, இரண்டரை மணித்தியாலம்.

மாலையில் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் ஸ்கூட்டியில் குருமண்வெளிக்கு 6.25 அளவில். பஸ் என்றால் குருமண்வெளிக்குப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடியில் இறங்கவே ஏழு மணி தாண்டும். பாதை எத்தனை மணிவரை ஓடும் என்பது காற்றையும் வாவியின் நீர்மட்டத்தையும் பொறுத்தது, மாரியில் இடையில் நிறுத்தியும் விடுவார்கள். கோயில் திருவிழா நாட்களில் துறையில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டி வரும் என்பது மண்டூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. காலையில் ஸ்கூட்டியை மண்டூர்த் துறையில் விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு பாதையில் ஏறி, குருமண்வெளியில் பஸ் பிடிப்பார்கள். பாதைக் காசு மிச்சம், வண்டியை ஏற்றி இறக்கும் கரைச்சலும் இல்லை. மாலையில் பாதை நின்றுவிட்டால் ஆள் இந்தக் கரையில், வண்டி அந்தக் கரையில். பட்டிருப்புப் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றாலும் அதற்கு ஓட்டோ பிடிக்கவேண்டும், இருட்டில் அந்தப் பக்கம் வர ஓட்டோக்காரர் யோசிப்பார். அதனால் ஸ்கூட்டி எப்போதும் எழுவான்கரையில், நீங்கள் பஸ்ஸால் இறங்கும் பக்கத்தில் நிற்கவேண்டும். காலையில் அதைப் பாதையில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். மாலையில் பாதை இல்லையென்றால் பட்டிருப்புப் பாலத்தால் போரதீவுப் பற்றுக்குள் ஏறி மண்டூருக்குப் போகும் வழி கையில் இருக்கும்.

ஆனால் அந்த வழி அவசரத்துக்கு மட்டுமே. வெள்ளாவெளிப் பக்கம் யானை வருவது உங்களுக்குத் தெரியும். இருட்டியபின் தனியாக ஸ்கூட்டியில் அந்த வீதியில் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஆண் பெண் என்ற பேதமில்லாமல். ஸ்கூட்டியின் முன்விளக்கு வெளிச்சத்தில் வீதியோரம் நிற்கும் யானை தெரியும்போது நிறுத்தத் தூரம் போதாது.

ஆகவே என் முதல் ஆலோசனை வண்டியைப் பற்றியதே அல்ல. சனி இரவு அங்கேயே தங்குங்கள். சனி காலை போய், ஞாயிறு மாலை திரும்பினால் நான்கு நீண்ட பயணம் இரண்டாகும். மாதம் 750 கிலோமீற்றர் 380 ஆகும். இருட்டில் திரும்பும் மாலை வாரத்துக்கு ஒன்றுதான். திங்கள் காலை பாடசாலையில் நிற்கவேண்டிய உங்களுக்கு இது உடம்புக்கும் தேவை. செங்கலடி, வந்தாறுமூலைப் பகுதிகளில் மாணவர்களுக்கு அறை கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. மாதத்தில் நான்கு இரவுக்கு என்று தனி அறை எடுக்காதீர்கள். வெளியூரிலிருந்து வரும் உங்கள் வகுப்புத் தோழிகள் இருவர் மூவர் சேர்ந்து ஒரு அறையைப் பிடித்தால் ஆளுக்கு வரும் பங்கு பெற்றோல் மிச்சத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். கல்லடியிலோ நகரத்திலோ சொந்தக்காரர் இருந்தால் அதைவிட நல்லது.

தங்குவது என்று முடிவெடுத்தால் ஸ்கூட்டி ஓர் இரவு வெளியே நிற்கும். அதை எங்கே விடுவது? களுவாஞ்சிக்குடியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கேற் பூட்டும் வீட்டு வளவு ஒன்றைப் பாருங்கள். உங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வீடாக இருக்கலாம். மாதம் ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். சும்மா விடுவதைவிடக் காசு கொடுத்து விடுவதுதான் இரண்டு வருடத்துக்கு நின்று பிடிக்கும், முகம் சுளிப்பு வராது. கடை வாசலிலும் ஆஸ்பத்திரி மதிலோரத்திலும் இரவு விடவேண்டாம்.

மட்டக்களப்பு நகரம்வரை ஸ்கூட்டியில் வந்து அங்கே கட்டணத் தரிப்பிடத்தில் விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகலுக்கு அது சரிவரும். இரவு தங்க வைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, துண்டில் வண்டி இலக்கம் எழுதித் தருவீர்களா? வெறும் வரிசை இலக்கம் மட்டும் போட்ட துண்டு தந்தால், முன்னால் நின்றே உங்கள் வண்டி இலக்கத்தை அதில் எழுதி, கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். ஹெல்மெட்டை வண்டியோடு விடுவதென்றால் அதுவும் துண்டில் இருக்கவேண்டும். இருக்கைக்கு அடியில் பூட்டிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனாலும் நகரம்வரை ஓட்டுவதில் உங்களுக்கு லாபம் குறைவு. களைப்புத் தரும் 30 கிலோமீற்றரை நீங்களே ஓட்டி, இலகுவான 17 கிலோமீற்றருக்கு பஸ் ஏறுகிறீர்கள்.

இனி பஸ். களுவாஞ்சிக்குடியில் காலையில் கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்களில் ஏறவேண்டும். சனிக்கிழமை ரியூசன் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களும் நிறைந்திருப்பார்கள், ஞாயிறு பஸ் குறைவு. இரண்டு நாளுக்கும் ஒரே நேரத்தை நம்பாதீர்கள். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் வாழைச்சேனை, ஓட்டமாவடி, திருகோணமலைப் பக்கம் போகும் பஸ்களில் எதுவும் சரி. ஏறும்போதே கொண்டக்டரிடம் “கம்பஸ்” என்று சொல்லிவிடுங்கள். தூரப் பயண பஸ்கள் குறுந்தூர ஆட்களை ஏற்றத் தயங்கும், கெஞ்சிக்கொண்டு நிற்காமல் அடுத்ததைப் பாருங்கள்.

திரும்பும்போது வளாக வாயிலில் நின்று கைகாட்டுவதைவிட ஒரு வழி இருக்கிறது. மாலையில் வாழைச்சேனையிலிருந்து வரும் பஸ் அங்கு வரும்போதே நிறைந்திருக்கும். இரண்டு மூன்று பஸ் நிற்காமல் போனால், பகிர்ந்து ஓட்டோ ஒன்றில் செங்கலடிச் சந்திக்குப் போய்விடுங்கள். பதுளை வீதி அங்கேதான் வந்து சேருகிறது, அந்தப் பக்கத்து பஸ்களும் சந்தியால்தான் திரும்பும். ஏறாவூரில் மாலை நெரிசல் கால் மணித்தியாலத்தைத் தின்னும், அதையும் கணக்கில் வையுங்கள். நகரத்தில் கல்முனை பஸ்ஸைக் கல்லடியில் மறிக்கவேண்டாம். பஸ் நிலையத்துக்கே போய் ஏறினால் இருந்து வரலாம். ஒரு மணித்தியாலம் நின்று வருவதும் இருந்து வருவதும் ஒன்றல்ல, திங்கட்கிழமை முதல் பாடத்தில் தெரியும்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மட்டக்களப்பு, ஏறாவூர், வந்தாறுமூலை எல்லாவற்றுக்கும் நிலையம் இருந்தாலும் வகுப்பு நேரத்துக்கு ஏற்றபடி குறுந்தூர ரயில் ஓட்டமில்லை. பஸ் நிலையத்திலிருந்து ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லை. இதை விட்டுவிடுங்கள்.

முழுத் தூரமும் ஸ்கூட்டியில் போகக்கூடாதா என்றால், போகலாம், காலம் பார்த்து. பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை, பகல் நீளமாகவும் மழை குறைவாகவும் உள்ள மாதங்களில், வகுப்பு முன்கூட்டியே முடியும் நாட்களில். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை வேண்டாம். வாடைக்காற்றும் மழையும் ஒருபுறம், மாலை இருட்டு மறுபுறம். மாரியில் ஆரையம்பதி, கிரான்குளம் பக்கம் மாடுகள் இரவில் தார் வீதியில் வந்து படுக்கும். தரை ஈரம், தார் காய்ந்தது, அவ்வளவுதான் காரணம். கறுப்பு மாடு இருபது மீற்றருக்குள் வரும்வரை தெரியாது. எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடியில்தான் முட்டுவார்கள். அப்போது வேகத்தைக் குறைத்து, கண்ணை வீதியின் இடது ஓரக் கோட்டில் வையுங்கள்.

கோடையிலும் சங்கதி உண்டு. அறுவடை நேரம், பெப்ரவரி–மார்ச்சிலும் ஓகஸ்ட்–செப்டெம்பரிலும், வீதியோரத்தில் நெல் காயப்போடுவார்கள். காய்ந்த நெல்லில் 10 அங்குலச் சில்லு ஏறினால் பிரேக் பிடிக்கக்கூடாது, திருப்பவும் கூடாது. அக்சிலேற்றரை விட்டு நேராகப் போய் வெளியேறவேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் கல்லடிப் பாலத்தில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். லொறியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில்தான் அது அடிக்கும், அதனால் பாலத்தில் முந்துவதை விடுங்கள். காத்தான்குடியில் ஈச்ச மரம் நட்ட நடுத்தீவின் இடைவெளிகளில் ஓட்டோவும் சைக்கிளும் திடீரெனத் திரும்பும், அங்கே 30க்கு மேல் தேவையில்லை.

முழுத் தூரம் ஓட்டுவதென்றால் ஸ்கூட்டியையும் அதற்கேற்பப் பார்க்கவேண்டும். பல 110 சீசி ஸ்கூட்டிகளுக்கு ரயர் காற்று முன்னுக்கு 22, பின்னுக்கு 29 என்றே கம்பனி சொல்கிறது, பின்னால் ஆள் ஏற்றினால் பின் சில்லுக்குக் கூடும். உங்கள் வண்டிக்குரிய அளவை அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். காற்று அடிக்கும் இடத்தில் கேட்காவிட்டால் இரண்டுக்கும் 35, 40 என்று அடித்து அனுப்புவார்கள், ஈர வீதியில் முன்சில்லு வழுக்குவதற்கு அதுவே போதும். காலையில், ரயர் சூடாகுமுன் அளக்கவேண்டும். மாதம் 750 கிலோமீற்றரோடு பாடசாலை ஓட்டமும் சேர்ந்தால் எஞ்சின் ஒயில் மாற்றும் நாள் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். அப்போதெல்லாம் பின் பிரேக் லீவர் எவ்வளவு தளர்வாக அசைகிறது என்பதையும், 20,000 கிலோமீற்றர் ஓடிய வண்டி என்றால் உள்ளே ஓடும் பெல்ற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ற் அறுந்தால் வண்டி உருண்டுதான் வரும், கராஜில் மட்டுமே மாற்றலாம், ஞாயிறு மாலை கராஜ் திறந்திருக்காது.

மழைக்குத் தலையால் போடும் ஒற்றை அங்கி வேண்டாம். காற்றில் பறந்து பின்சில்லில் சிக்கும். மேலும் கீழும் தனித்தனியான மழைக்கோட்டு எடுங்கள், சாறியோடு போகிறவர்கள் சாறியைப் பையில் வைத்து, அங்கே போய் மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. மடிக்கணினியை முதலில் பொலித்தீன் பைக்குள் சுற்றி, பிறகு பைக்குள் வையுங்கள். வண்டி வெள்ளத்தில் நின்று சைலன்சர் வாய் நீரில் மூழ்கியிருந்தால் ஸ்ராட் பண்ணவேண்டாம், தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள்.

வளாகத்தில் வண்டி விடுவதற்கு வருவோம். பட்டப்பின் மாணவருக்கு அனுமதி கொடுப்பது ஒவ்வொரு நிர்வாகமும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கும் விஷயம். கற்கைநெறி இணைப்பாளரின் அலுவலகத்திலும் பாதுகாப்புப் பிரிவிலும் நேரே கேளுங்கள். கேட்கவேண்டியது “வண்டி விடலாமா” என்று மட்டுமல்ல. எந்த வாயிலால் உள்ளே போவது, வார இறுதியில் அந்த வாயில் திறந்திருக்குமா, மாணவர் அட்டை கிடைக்கும்வரை எதைக் காட்டுவது, ஓர் இரவு வண்டியை உள்ளே விட அனுமதி உண்டா – இவைதான். வார நாளில் விடும் இடம் ஞாயிறு பூட்டிக் கிடக்கலாம். உங்கள் நேர அட்டவணையில் வகுப்பு நடக்கும் இடத்தையும் ஒவ்வொரு தவணையும் பாருங்கள். பல்கலைக்கழகம் வந்தாறுமூலையோடு முடிவதில்லை, சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. ஒரு கருத்தரங்கு அங்கே வைத்தால் உங்கள் பயணம் ஒருவழிக்கு 17 கிலோமீற்றருக்கு மேல் குறையும், அதைத் தெரியாமல் வந்தாறுமூலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு.

விடும் இடத்தைத் தேர்வதில் நிழல் ஒன்றையே பார்க்காதீர்கள். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. நம் கரையோர மண் மணல். பக்க ஸ்ராண்டில் சாய்த்துவிட்ட ஸ்கூட்டியின் சாயும் பாரம் இரண்டு விரல் அகல இரும்பில் இறங்குகிறது. காய்ந்த மணலில் மெதுவாகப் புதையும், மழை பெய்து மண் ஊறினால் ஒரு மணித்தியாலத்தில் சாய்ந்துவிடும். வரிசையாக விட்டிருந்தால் ஒன்று விழும்போது பக்கத்து நாலைந்தும் சேர்ந்து விழும். கண்ணாடியும் பிரேக் லீவரும்தான் முதலில் உடையும். நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். அதற்கு அடியில் ஒரு தட்டைக் கல்லோ, உள்ளங்கை அகலப் பலகைத் துண்டோ வையுங்கள். அந்தப் பலகையை இருக்கைக்கு அடியிலேயே வைத்திருக்கலாம். முன்பக்கம் வெளியே பார்க்க விடுங்கள், மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கும்போது பின்னுக்கு இழுக்கத் தேவையில்லை. ஹாண்டிலைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்ததை ஒருமுறை பாருங்கள். இருக்கைப் பூட்டில் சாவியைக் குத்தியபடியே வகுப்புக்குப் போகிறவர்கள் ஏராளம். மடிக்கணினியை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடாது, கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில்.

காரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைப்போம், அன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மாதம் 760 கிலோமீற்றருக்கு, லீற்றருக்கு 40 கொடுக்கும் ஸ்கூட்டிக்கு 19 லீற்றர், 5,700 ரூபா. லீற்றருக்கு 14 கொடுக்கும் பழைய காருக்கு 54 லீற்றர், 16,200 ரூபா. பாதையை விட்டுப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றவேண்டியிருக்கும் என்பதால் கார் இன்னும் கூடுதலாக ஓடும். இதன்மேல் லீசிங் தவணை, காப்புறுதி, ரயர், பற்றரி. இரண்டு வருட வகுப்புக்காக மட்டும் என்றால் கார் எடுக்கவேண்டாம். குடும்பத்துக்கு எப்படியும் வேண்டும் என்றால் அது வேறு கதை, அப்போது களுவாஞ்சிக்குடிப் பக்கம் உங்களோடு படிக்கும் இருவர் மூவரைச் சேர்த்துப் பெற்றோல் செலவைப் பங்கு போடுங்கள். பங்கு மட்டும். கூலி வாங்கி ஆள் ஏற்றினால் தனியார் காருக்கான காப்புறுதி விபத்து நேரத்தில் கைவிட்டுவிடும்.

கொழும்புப் பயணத்துக்கு வண்டியே வேண்டாம். 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போய், கொழும்பில் கட்டணம் வாங்கும் வீதியோரத் தரிப்பிடம் தேடி நாளைக் கழிப்பதில் பொருளில்லை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து மட்டக்களப்பு வழியாகக் கொழும்புக்குப் போகும் இரவு பஸ்களில் களுவாஞ்சிக்குடியிலேயே ஏறலாம், ஆசனத்தை முன்கூட்டிப் பதிந்தால் போதும், ஸ்கூட்டி அதே வளவில் நிற்கும். ரயில் என்றால் மட்டக்களப்பு நிலையம்வரை போகவேண்டும். அரச ஊழியர் என்ற முறையில் உங்களுக்கு வருடத்தில் கிடைக்கும் ரயில் வொறன்டுகளை இதற்குப் பயன்படுத்தலாம், பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டபின் இந்த ரயில் பாதையின் நேரங்கள் மாற்றப்பட்டன. பழைய நேரத்தை யாரும் சொன்னால் நம்பாமல் நிலையத்தில் கேட்டுப் பதியுங்கள். யானை நடமாட்டமுள்ள பகுதியில் ரயில் மெதுவாகவே வரும், காலை ஒன்பது மணிக்கு யாரையும் சந்திப்பதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவடிக்கூடம் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில்தான். கோட்டையில் இறங்கி 138 இலக்க பஸ்ஸில் தும்முல்லைச் சந்தியில் இறங்கினால் நடக்கிற தூரம். வாசகர் அறை திறக்கும் நாட்களைத் தொலைபேசியில் உறுதிப்படுத்தாமல் லீவு போடவேண்டாம்.

கடைசியாகப் பத்திரங்கள். இதை உடனே செய்யுங்கள், வகுப்பு தொடங்கட்டும் என்று பார்த்திருக்கவேண்டாம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 என்பது 100 சீசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு. அதற்கு மேலுள்ளதற்கு ஏ வகுப்பு வேண்டும். சின்ன ஸ்கூட்டிக்கு எடுத்தது என்கிறீர்கள், அட்டையின் பின்பக்கத்தில் ஏ1 மட்டும் இருந்தால் 110 சீசி ஓட்ட உங்களுக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். பொலிஸ் தண்டம் சிறிய விஷயம். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி அதையே பிடித்துக்கொள்ளும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஏ வகுப்பைச் சேர்க்க விண்ணப்பியுங்கள்.

காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டுமா, முழுக் காப்புறுதியா என்றும் பாருங்கள். நம்மிடையே மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புத்தான் போடுகிறார்கள், அதில் வண்டி களவு போனால் ஒரு சதமும் வராது. வாரத்தில் ஓர் இரவு வெளியே நிற்கப்போகும் வண்டிக்குக் களவும் அடங்கும் காப்புறுதி போடுவது நல்லது. வருமான அனுமதிப்பத்திரம் எப்போது முடிகிறது என்று பாருங்கள், புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும்.

ஸ்கூட்டி அண்ணாவின் பெயரில் இருப்பதில் குற்றமில்லை, அவர் உங்களுக்கு ஓடத் தந்திருந்தால். விற்றுவிட்டார், காசும் கொடுத்தாயிற்று, ஓபன் பேப்பரில் (பெயர் மாற்றாமல், அவர் கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் வைத்து) ஓடுகிறது என்றால் வேறு விஷயம். உரிமை மாறினால் 14 நாளுக்குள் புதிய உரிமையாளர் தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்பது சட்டம். வளாக வாயில் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். பெயர் மாறாமல் இருந்தால் வண்டியை நீங்கள் பாவிக்கச் சம்மதம் என்று அண்ணா கையொப்பமிட்ட கடிதமும், அவரின் அடையாள அட்டைப் பிரதியும் கூட வையுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை களுவாஞ்சிக்குடி வளவும் பஸ்ஸும்தான்.